மூலச்சான்றிதழில் கோட்டை விடும் வரிச்சலுகை

ஐயா,

வர்த்தக ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தானாலே கரூருக்கும் திருப்பூருக்கும் யோகம் அடித்துவிட்டதாகச் செய்தி வருகிறது. அமீரகத்துடனான ஒப்பந்தம் 2022 மே 1 முதலும், ஆஸ்திரேலியாவுடனானது அதே ஆண்டு டிசம்பர் 29 முதலும் நடப்பில் உள்ளன. பிரிட்டனுடன் 2025 ஜூலை 24-ல் கையெழுத்தானது. எந்த ஒப்பந்தமானாலும் இறக்குமதி வரிச்சலுகை தானாக வந்துவிடாது. சரக்கை அங்கே இறக்குமதி செய்யும் பையர் (வாங்குபவர்), அந்த ஒப்பந்தத்தின்படி சரக்கு இந்தியாவில் உற்பத்தியானது என்பதற்கான ஆதாரத்தைக் காட்டிச் சலுகை கேட்க வேண்டும். பெரும்பாலும் அந்த ஆதாரம் சி.ஓ.ஓ. எனப்படும் மூலச்சான்றிதழ்தான். சேம்பர் எனும் வர்த்தக சபையில் வாங்கும் சாதாரண சி.ஓ.ஓ. இதற்குச் செல்லாது. இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அதிகம் சறுக்குவது, சரக்கை வகைப்படுத்தும் சர்வதேச எண்ணான எச்.எஸ். கோடில். கரூர் சரக்கையே பாருங்கள். பருத்தி கிச்சன் டவல் டெர்ரி எனப்படும் பூந்துவாலைத் துணியானால் 6302.60, சாதாரண நெசவானால் 6302.91. குஷன் கவர் தறித்துணியில் தைத்த பருத்தியானால் 6304.92, அதே கவருக்குள் பஞ்சை அடைத்து அனுப்பினால் அது 9404-க்குப் போய்விடும். குயில்ட் எனும் பஞ்சு வைத்துத் தைத்த போர்வை, 2022-ல் கோடு திருத்தப்பட்டபோது 9404.40 ஆகிவிட்டது, பழைய இன்வாய்ஸைக் காப்பி அடிப்பவர்கள் இன்றும் 9404.90 என்றே போடுகிறார்கள். முதல் ஆறு இலக்கம் ஷிப்பிங் பில் (கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் ஏற்றுமதி ஆவணம்), இன்வாய்ஸ், சி.ஓ.ஓ. மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பையர் தன் நாட்டில் எந்தக் கோடில் இறக்குகிறார் என்பதை ஆர்டர் உறுதியாகும்போதே கேட்டுவிடுவது நல்லது. சரக்கு கப்பலேறிய பிறகு கேட்டுப் பயனில்லை.

அடுத்தது, சரக்கு ‘நம் நாட்டுப் பொருள்’ஆகக் கணக்கில் சேருமா என்பது. விதி ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுடனான ஒப்பந்தத்தின் பொது விதிப்படி எஃப்.ஓ.பி. மதிப்பில் (சரக்கு நம் துறைமுகத்தில் கப்பலேறும் வரையிலான விலை) 35 சதவீதமாவது உள்நாட்டுப் பங்கு வேண்டும். அதோடு இறக்குமதி மூலப்பொருளின் ஆறிலக்கக் கோடும் மாறியிருக்க வேண்டும். 300 ரூபாய் குஷனில் இறக்குமதி பாலியஸ்டர் ஃபைபரும் ஜிப்பும் 90 ரூபாய் என்றால் உள்நாட்டுப் பங்கு 70 சதவீதம். கோடும் மாறிவிடுகிறது, சிக்கல் இல்லை. வெளிநாட்டு டெர்ரி டவலை வாங்கி எம்பிராய்டரி மட்டும் போட்டு அனுப்பினால், 6302.60 ஆக வந்தது 6302.60 ஆகவே போகிறது. எம்பிராய்டரிக்கு எவ்வளவு செலவழித்திருந்தாலும் தேறாது. இன்வாய்ஸ், கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் சேர்ந்த சி.ஐ.எஃப். விலையில் இருந்தால் அவை இரண்டையும் கழித்த பிறகே சதவீதம் போட வேண்டும்.

தூத்துக்குடி வழியாக அனுப்புவோருக்குத் தனியாக ஒரு தலைவலி உண்டு. அங்கிருந்து ஃபீடர் எனும் சிறு கப்பலில் போகும் கன்டெய்னர் பல நேரம் கொழும்பில் தாய்க் கப்பலுக்கு மாறுகிறது. மாறுவதில் தவறில்லை. தூத்துக்குடியில் தொடங்கி இறங்கு துறைமுகம் வரை ஒரே பி.எல். (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) இருக்க வேண்டும். ஏஜென்ட் இரண்டு துண்டாகக் கொடுத்துவிட்டால், இடையில் சரக்கு கைமாறவில்லை என்று நிரூபிக்கும் சுமை பையர் தலையில் விழும். அவர் வரியைக் கட்டிவிட்டு அடுத்த பில்லில் நம்மிடம் பிடித்துக்கொள்வார். பையரின் ஹாங்காங் அலுவலகம் இன்வாய்ஸ் போடுகிறது என்றால், மூன்றாம் நாட்டு இன்வாய்ஸ் என்பதையும் சான்றிதழில் காட்ட மறக்கக் கூடாது.

இறக்குமதிக்கும் இதே கதைதான். 2020 செப்டம்பர் 21 முதல் சலுகை வரியில் இறக்குபவர், சான்றிதழ் மட்டுமன்றி உற்பத்தி முறை, மதிப்புக் கணக்கு பற்றிய விவரங்களையும் கையில் வைத்திருக்க வேண்டும். ஐந்தாண்டு பாதுகாக்க வேண்டும். ‘சப்ளையர் தரவில்லை’ என்ற பதில் கஸ்டம்ஸில் எடுபடாது.

கோவையில் உள்ள வெளிநாட்டு வர்த்தக இயக்குநரக அலுவலகம், கரூரிலேயே முகாம் நடத்தி, டவலையும் குஷனையும் மேசையில் வைத்து, எந்தச் சரக்குக்கு எந்த நாட்டில் என்ன கோடு, என்ன விதி என்பதைத் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும். தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்திலும் அந்தப் பட்டியலை வெளியிட்டால், பத்துத் தறி வைத்துக்கொண்டு நேரடியாக ஏற்றுமதி செய்பவர்களுக்கு உதவியாக இருக்கும்.

— ஏற்றுமதி ஆவணப் பணியாளர்கள் சிலர்,
கரூர்.