இசைப்பள்ளியில் எட்டாவது பாடம்: கலை பண்பாட்டுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

கலை பண்பாட்டுத் துறை உயர் அலுவலர்களுக்கும், மாவட்ட அரசு இசைப்பள்ளிகளுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் பெரியவர்களுக்கும்,

வணக்கம்.

தமிழ்நாட்டில் 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகளை நடத்தி வருகிறீர்கள். குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு பாடங்கள். மூன்று வருடப் படிப்பு, முடிவில் சான்றிதழ். பன்னிரண்டு வயதானால் சேரலாம். இந்த ஏழோடு எட்டாவதாக, மேற்கிலிருந்து வந்த ஊதுகுழலான கிளாரினெட்டையும் சேருங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். 17 பள்ளியிலும் வேண்டாம். திருச்சி, புதுக்கோட்டை என்று இரண்டு இடத்தில் தொடங்கினால்கூடப் போதும்.

நான் புதுக்கோட்டை மாவட்டம் இலுப்பூர்ப் பக்கத்துக்காரன். அப்பா பாண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவர். அவருக்கு ஸ்வரம் எழுதத் தெரியாது, ராகத்தின் பெயர் பாதி தெரியும், ஆனால் ஒரு பாட்டை ரெண்டு தடவை கேட்டால் மூன்றாம் தடவை வாசித்துவிடுவார். எங்கள் வீட்டில் கிளாரினெட் பீரோவின் மேல், ஒரு பழைய பெட்டிக்குள் இருக்கும். கார்க்கில் தடவ வாஸ்லின் டப்பா, துளையை மூடும் பேடு ஒட்ட அரக்குத் துண்டு, ஈரத்தை ஒற்றி எடுக்க சிகரெட் தாள். அப்பா சிகரெட் பிடிக்க மாட்டார், அந்தத் தாளுக்காகவே பெட்டிக்கடையில் கேட்டு வாங்குவார். நான் முதலில் கற்றுக்கொண்டது வாசிப்பு இல்லை, இந்தப் பராமரிப்புதான். மழைக்காலத்தில் எந்த பேடு ஊதிப்போய் காற்று விடும், எந்த ஸ்பிரிங் தளரும் என்பதெல்லாம் ஏழாம் வகுப்பிலேயே எனக்குத் தெரியும்.

வாசிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. அப்பாவிடம் பாட்டுக் கிடைத்தது, பாடம் கிடைக்கவில்லை. இசைப்பள்ளி விண்ணப்பத்தில் கிளாரினெட் என்ற கட்டமே கிடையாது. சரி, ஊதுகிற வாத்தியம்தானே என்று நாதஸ்வரம் எழுதிக் கொடுத்து ஒரு பள்ளியில் சேர்ந்தேன். எனக்கு வாய்த்த ஆசிரியர் தங்கமான மனிதர். சரளி வரிசை, ஜண்டை வரிசை, வர்ணம் எல்லாம் அவர் போட்ட பிச்சை. ஆனால் கிளாரினெட்டைக் கையில் எடுத்தால் அவராலும் ஒரு எல்லைக்கு மேல் உதவ முடியவில்லை. அதற்குக் காரணம் அவர் இல்லை, குழாயின் வடிவம்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். "நாதஸ்வர வகுப்பு இருக்கிறதே, அதில் சேர்ந்து கற்றுக்கொள்ளலாமே" என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில்.

நாதஸ்வரக் குழல் மேலே ஒடுங்கிக் கீழே விரிந்த கூம்பு. ஆறு துளையை மூடி ஊதினால் எந்த ஸ்வரம் வருகிறதோ, அதே விரலோடு மூச்சைக் கூட்டினால் அதன் மேல் ஸ்தாயி, அதாவது ஸ என்றால் மேல் ஸ, வரும். புல்லாங்குழலிலும் அப்படித்தான். ஆக ஒரு ஸ்தாயிக்கு விரல் பழகினால் அடுத்ததும் கைக்கு வந்துவிடும். கிளாரினெட் மேலிருந்து கீழ்வரை ஒரே அளவான குழாய், ஒரு முனை அடைத்த மாதிரி வேலை செய்கிறது. அதனால் பின்னால் இடது கட்டைவிரல் இருக்கும் கீயை அழுத்தி ஊதினால் மேல் ஸ்தாயி வராது, பன்னிரண்டாம் ஸ்வரத்துக்குத் தாவிவிடும். நான் ஆறு துளையையும் மூடி ஸட்ஜமம் வைத்துக்கொள்வேன். பி பிளாட் கிளாரினெட்டில் அது நாலு கட்டைச் சுருதி. அதே விரலில் கட்டைவிரல் கீயை அழுத்தினால் தார ஸ்தாயிப் பஞ்சமம் வந்து நிற்கும். மேல் ஸட்ஜமம் வேண்டுமென்றால் எல்லா விரலையும் எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் ரிஷபத்துக்கு ஆள்காட்டி விரலால் ஒரே ஒரு கீ. அடுத்த அந்தர காந்தாரத்துக்கு ஏழு துளையும் மூடி, கட்டைவிரல் கீயை அழுத்தி, சுண்டுவிரலால் இன்னொரு கீயையும் அழுத்த வேண்டும்.

கல்யாணியில் மேல் ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு ஒரு சின்ன அசைவு போட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாடுகிறவருக்கு அது ஒரு இழைப்பு. நாதஸ்வரக்காரருக்கு ஒரு விரல், கொஞ்சம் உதடு. எங்களுக்கு கை முழுவதும் ஒரே நேரத்தில் விழ வேண்டும், விழுந்த சத்தமும் கேட்கக் கூடாது. இந்தப் பாலத்தைத் தாண்டத்தான் ஒவ்வொரு கிளாரினெட்காரனும் வருடக்கணக்கில் உட்கார்கிறான். தாண்டும் வழி வாசிக்கிறவர்களிடம் இருக்கிறது. எதை விரலால் செய்ய வேண்டும், எதை உதட்டைத் தளர்த்திச் சறுக்க வேண்டும், எங்கே துளையைப் பாதி திறக்கலாம், எங்கே அது நடக்காது என்று அவர்களுக்குத் தெரியும். அதை யாரும் எழுதி வைக்கவில்லை. நாதஸ்வர ஆசிரியர் எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் அது அவர் விரலில் இல்லை.

வாய் அதைவிடப் பெரிய தொல்லை. நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளி இரட்டை நாக்கு, ரெண்டு உதட்டுக்கும் நடுவில் நிற்கும். கிளாரினெட் ரீடு ஒற்றை. மேல்பல் மவுத்பீஸ் மேல் உட்கார வேண்டும், கீழுதடு பல்லின் மேல் மெத்தை மாதிரி மடிய வேண்டும். காலையில் பள்ளியில் சீவாளி, மாலையில் வீட்டில் மவுத்பீஸ் என்று இருந்த நாட்களில் ரெண்டுமே கெட்டது. கீழுதட்டின் உள்பக்கம் பல் பதிந்த தழும்பு இன்னும் இருக்கிறது. தேர்வில் நாதஸ்வரம் வாசித்துத்தான் தேறினேன்.

இப்போது ஒரு நியாயமான கேள்வி வரும். கர்நாடக இசையில் கிளாரினெட் மேதையான ஏ.கே.சி. நடராஜன் எந்தக் கிளாரினெட் பள்ளியில் படித்தார்? அவர் வாய்ப்பாட்டை ஆலத்தூர் வெங்கடேச அய்யரிடமும் நாதஸ்வரத்தை எங்கள் இலுப்பூர் நடேச பிள்ளையிடமும் கற்றவர். நாதஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளையே "கிளாரினெட் எவரெஸ்ட்" என்று அவருக்குப் பட்டம் கொடுத்தார். உண்மைதான். ஆனால் மேதையை வைத்துப் பாடத்திட்டம் போட முடியாது. மாண்டலின் சீனிவாஸ் மாதிரி ஒரு பிள்ளை தானாக முளைத்து வரும் என்று எந்த வாத்தியமும் காத்திருக்க முடியாது. என் மாதிரி நடுத்தரமான ஆட்கள் நூறு பேர் ஒழுங்காக வாசித்தால்தான் ஒரு வாத்தியம் ஊரில் இருக்கும்.

"வெள்ளைக்காரன் வாத்தியம்தானே" என்று ஒரு பேச்சு உண்டு. ஜெர்மனியின் நூரம்பர்க்கில் டென்னர் என்பவர் 1700 வாக்கில் செய்தது, மறுக்கவில்லை. உங்கள் ஏழு பாடங்களில் இருக்கும் வயலின் மட்டும் எங்கிருந்து வந்தது? பாலுஸ்வாமி தீட்சிதர் கையில் ஏறி, அப்புறம் பக்கவாத்தியம் என்றாலே வயலின் என்று ஆகிவிட்டது. கிளாரினெட் அதற்கு ரொம்பப் பிந்தி வந்துவிடவில்லை. தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் மேற்கத்திய பாண்டு வைத்திருந்தார். 19ஆம் நூற்றாண்டிலேயே தேவதாசிகள் ஆடிய சதிர்க் கச்சேரியின் வாத்தியக் குழுவான சின்ன மேளத்தில், முகவீணை என்ற சின்ன ஊதுகுழல் இருந்த இடத்தில் கிளாரினெட் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆடும் அம்மாளுக்குப் பின்னால் நின்று, பாடுகிறவரின் குரலோடு இழைந்து வாசித்த வாத்தியம் அது. பிறகு காலம் மாறியது. 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது, சின்ன மேளங்கள் கலைந்தன, பரதநாட்டிய மேடையில் புல்லாங்குழலும் வயலினும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. சட்டத்தைக் குறை சொல்லவில்லை, அது வந்தே ஆக வேண்டிய சட்டம். அந்த மேளத்தோடு இருந்த வாத்தியக்காரர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை என்றுதான் சொல்கிறேன். பாண்டு செட்டும் சாமி ஊர்வலமும்தான் எங்களுக்கு மிஞ்சின.

2008இல் ஏ.கே.சி. அவர்களுக்கு சென்னை மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி கொடுத்தது. 2022இல் பத்மஸ்ரீ. அதே 2022 பட்டியலில் எங்கள் பக்கத்து விராலிமலை முத்துக்கண்ணம்மாள் பெயரும் இருந்தது, சதிராட்டத்துக்காக. பேப்பரில் ரெண்டு பெயரையும் பார்த்துவிட்டு அப்பா, "ஆடுறவங்களுக்கும் குடுத்துட்டான், ஊதுறவங்களுக்கும் குடுத்துட்டான்" என்று பேப்பரை மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். அவருக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. எண்பது தொண்ணூறு வயதில் கிடைக்கும் மரியாதைக்கும் பன்னிரண்டு வயதில் கிடைக்க வேண்டிய வகுப்புக்கும் நடுவே எதுவுமே இல்லையே.

பிழைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வைகாசி, ஆவணி, தை முகூர்த்தம் ஓடும். ஆடியில் கல்யாணம் இல்லை, அம்மன் கோயில்கள் கைகொடுக்கும். மார்கழியில் சென்னையே கச்சேரியாக இருக்கும், எங்களுக்கு வேலை இருக்காது. துக்க வீட்டுக்கும் வாசிக்கப் போவோம். சாவு ஊர்வலத்தில் வாசிக்கிற வாத்தியம் என்பதற்காகவே மணவறைப் பக்கம் வேண்டாம் என்று சொன்ன வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு சபாக்காரர் என் வாசிப்பைக் கேட்டுவிட்டு, "புல்லாங்குழலாக இருந்தால் ஒரு மத்தியான ஸ்லாட் போட்டிருப்பேன் தம்பி" என்றார். கல்யாண மண்டபத்திலோ "சாக்ஸபோன் இல்லையா?" என்றுதான் முதல் கேள்வி. கத்ரி கோபால்நாத் அந்த வாத்தியத்தை அப்படி நிலைநிறுத்திவிட்டுப் போயிருக்கிறார், அவரும் நாதஸ்வர வீட்டுப் பிள்ளைதான். ஒன்று கவனித்தீர்களா, சாக்ஸபோன் கூம்புக் குழாய். மேல் ஸ்தாயி அதே விரலில் வரும். நாதஸ்வரம் பழகியவர்கள் எங்களைத் தாண்டி அந்தப் பக்கம் போவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

சான்றிதழ் இல்லாததுதான் கடைசியில் எல்லா இடத்திலும் இடிக்கிறது. கிளாரினெட்டுக்குத் தேர்வே இல்லையா என்றால், இருக்கிறது. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வுகள் எட்டு, தமிழ்நாட்டிலேயே எழுதலாம். பணமும் சொல்லிக்கொடுக்க ஆளும் இருந்தால் நல்ல பாடம்தான். நீண்ட ஸ்வரம் பிடித்து நாதத்தைச் சுத்தம் செய்கிற பயிற்சியை நானே செல்போனில் வெள்ளைக்காரர்களைப் பார்த்துத்தான் கற்றேன். ஆனால் மொசார்ட்டை வாசித்துக் காட்டினால் சான்றிதழ் தர லண்டனில் ஆள் இருக்கிறது, மோகனம் வர்ணத்தை வாசித்துக் காட்டினால் தர இலுப்பூருக்குப் பக்கத்தில் ஆள் இல்லை.

செய்வது கஷ்டமும் இல்லை. வாத்தியம் வாங்கும்போது மரத்தில் செய்த விலையுயர்ந்தது வேண்டாம், நம்ம ஊர் வெயிலுக்கு வெடித்துவிடும். பிளாஸ்டிக் உடம்புள்ள மாணவர் கிளாரினெட் போதும். கீகளின் அமைப்பு ரெண்டு விதம்: பழைய ஆட்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ஆல்பர்ட் முறை, இன்று கடையில் கிடைப்பது போம் முறை. ரெண்டுக்கும் விரல் மாறும், எது என்று பாடத்திட்டம் எழுதுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். ரீடுக்கு மறக்காமல் பணம் ஒதுக்குங்கள். நல்ல கம்பெனி ரீடு பத்து உள்ள ஒரு பெட்டி ஆயிரக்கணக்கில் விலை, பத்தில் நாலு தேறினால் அதிர்ஷ்டம். பிள்ளைகளுக்கு மெதுவான ரெண்டாம் நம்பர் ரீடு, கெட்டியான மூன்றாம் நம்பரைக் கொடுத்து வாயைக் கெடுத்துவிடக் கூடாது.

ஆசிரியர்தான் முக்கியம். பட்டயம் இருக்கிறதா என்று கேட்டால் ஒருவரும் தேற மாட்டார், ஏனென்றால் அந்தப் பட்டயத்தை யாரும் கொடுக்கவே இல்லை. வாசிக்கச் சொல்லிக் கேட்டு எடுங்கள். ராணுவ பாண்டிலும் போலீஸ் பாண்டிலும் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு நொட்டேஷன் தெரியும். பாண்டு செட்டுப் பெரியவர்களுக்கு இழைப்பு தெரியும். ஒருவரையும் மற்றவரையும் வாரத்தில் மும்மூன்று நாள் வரச்சொன்னால் முழு ஆசிரியர் கிடைத்துவிடுவார். நாதஸ்வர, தவில் வகுப்புக்கு எழுதப் படிக்கத் தெரிந்தாலே சேர்த்துக்கொள்கிறீர்கள். இந்த வீட்டுப் பிள்ளைகளைப் புரிந்துகொண்டு யாரோ போட்ட விதி அது. அதையே இந்த வகுப்புக்கும் வையுங்கள்.

பெரியப்பா பேத்திக்கு இந்த வருடம் பன்னிரண்டு ஆகிறது. என் பழைய மவுத்பீஸில் ஊதிப் பார்த்து, சத்தம் வந்ததும் விடவே மாட்டேன் என்கிறாள். ஜூன் சேர்க்கைக்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று பெரியப்பா கேட்கிறார். நாதஸ்வரம் என்று போட்டுவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வரும் கல்வியாண்டுக்குள் முடியாவிட்டால் அதற்கு அடுத்த ஆண்டு என்றாவது சொல்லுங்கள், அதுவரை நானே சரளி வரிசை சொல்லிக்கொடுக்கிறேன். ஒன்று மட்டும் வேண்டாம்: இந்த மடலைப் படித்துவிட்டு, இருக்கிற நாதஸ்வர ஆசிரியருக்கே கிளாரினெட்டைக் கூடுதல் பொறுப்பாகப் போட்டு ஆணை அனுப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
இலுப்பூர்ப் பக்கத்து பாண்டு செட் கிளாரினெட்காரன்