கேஸ் சிரப்புக்கு முன்னால் பிரஷர் பாருங்கள்

தாராவியில் கிளினிக் நடத்தும் நம் டாக்டர்களுக்கு,

வணக்கம். ராத்திரி பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினாலும் எழுந்து வருகிறவர்கள் நீங்கள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

என் மதினிக்கு அப்போது எட்டாம் மாதம். நெஞ்சுக்குழிக்குக் கீழே, வலது விலாவை ஒட்டி வலி, கூடவே குமட்டல். அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்தாள். கேட்கவில்லை. மறுநாள் பக்கத்து கிளினிக்கில், "கேஸ்தான், மாசமா இருந்தா வரத்தான் செய்யும்" என்று ஒரு சிரப் கொடுத்தார்கள். பிரஷர் பார்க்கவில்லை. அன்று இரவே தலைவலி, கண் மங்கல். பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிளேட்லெட் நாற்பதாயிரம்தான் இருந்தது. டாக்டர் "ஹெல்ப்" (HELLP) என்றார். அண்ணன் பதறி, "என்ன உதவி வேணும், ரத்தம் கொடுக்கணுமா?" என்று கேட்டான். நோயின் பெயரே அதுதானாம்! 1982ல் வெய்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க மருத்துவர் வைத்த பெயர்.

உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. இதைப் படிக்கும் பெண்களுக்காகச் சொல்கிறேன்: ரத்தச் சிவப்பணுக்கள் உடைகின்றன, பிளேட்லெட் என்கிற தட்டணுக்கள் குறைகின்றன, ஈரல் வீங்கி அதன் உறை இழுபடுகிறது. அந்த இழுப்பைத்தான் நாம் வாய்வு என்கிறோம். ஆயிரம் கர்ப்பங்களில் 5 முதல் 9 பேருக்கு வரலாம். பிள்ளையை வெளியே எடுப்பதுதான் வைத்தியம்.

கேட்பது பெரிதல்ல. ஐந்து மாதம் தாண்டியவள் மேல்வயிறு வலி என்று வந்தால், சிரப் எழுதும் முன் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றுங்கள். பிரஷர் சரியாக இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். இந்த நோயில் பலருக்கு அது ஏறும், சிலருக்கு ஏறுவதே இல்லை. அன்றே சிபிசி (ரத்த அணுக்கள் எண்ணிக்கை), எல்எஃப்டி (ஈரல் பரிசோதனை) எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் சயான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள். பிள்ளை பெற்று வீடு வந்தவளையும் இப்படியே பாருங்கள். இந்த நோய் வருகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருத்திக்கு அது பிரசவத்துக்குப் பிறகுதான் வருகிறது, பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள்.

அப்புறம், பேறுகாலத்துக்கு ஊருக்குப் போகிறவர்கள். மதினிக்கு அடுத்த வெள்ளிக்கிழமை நாகர்கோவில் ரயிலில் டிக்கெட் எடுத்திருந்தோம். ஒரு நாளுக்கு மேல் பயணம். அந்த வலி ரயிலில் வந்திருந்தால், எங்களிடம் ஓமத்தண்ணீர் மட்டும்தான் இருந்திருக்கும். பயணத்துக்கு முன் உங்களிடம் சத்து மாத்திரை வாங்க வருகிறவளுக்கும் ஒரு தடவை பிரஷர் பார்த்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தொண்ணூறடி ரோட்டிலிருந்து ஒரு நாத்தனார்