எண்பது நிரல்களில் எழுபத்திரண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் பிள்ளைகள், 1957இல் ஜோன் பேக்கஸ் குழுவினர் ஐபிஎம் 704 கணினிக்காகப் போர்ட்ரான் என்ற கணினி மொழியை வெளியிட்டார்கள் என்பதோடு நின்றுவிடுகிறார்கள். அம்மொழியில் கட்டளைகள் எழுதப்பட்ட விதத்தையும் உங்கள் மாணவர் பக்கம் சொல்ல வேண்டும்.

கட்டளைகளைத் துளை அட்டைகளில் துளையிட்டுத்தான் கணினிக்குக் கொடுத்தார்கள். ஓர் அட்டைக்கு ஒரு வரி, 80 நிரல்கள் (செங்குத்து வரிசைகள்). முதல் ஐந்தில் கூற்றின் இலக்கம், ஆறாவதில் முந்திய அட்டையின் தொடர்ச்சி என்று காட்டும் குறி, 7 முதல் 72 வரை கட்டளை. 704இன் அட்டை வாசிப்பான் ஒவ்வொரு நிரையையும் (கிடை வரிசையையும்) 36 பிட் கொண்ட இரண்டு ‘சொற்களாக’, அதாவது நினைவக அலகுகளாக, மொத்தம் 72 பிட்டாக எடுத்தது. ஆகவே 72ஐத் தாண்டிய எழுத்தைத் தொகுப்பான் (கட்டளைகளை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) காணவே காணாது. மிஞ்சிய எட்டில் வரிசை எண் துளையிடுவார்கள். அட்டைக்கட்டு கைதவறிச் சிதறினால் வரிசைப்படுத்தும் இயந்திரம் அதைக்கொண்டு மீட்டுத் தரும். பத்துப் பத்தாக எண்ணிட்டால் இடையே புது அட்டை செருகலாம்.

பிள்ளைகள் மிகவும் கவனிக்க வேண்டியது, அன்றைய போர்ட்ரான் எழுத்துகளுக்கு இடையிலான வெற்றிடங்களைப் பொருட்படுத்தாததை. ‘டூ 10 ஐ = 1,10’ (DO 10 I = 1,10) என்பது, 10ஆம் இலக்கக் கூற்று வரையுள்ள கட்டளைகளைத் திரும்பச் செய்யச் சொல்வது; அது பத்துத் தடவை சுழலும். காற்புள்ளி புள்ளியானாலோ ‘டூ10ஐ’ என்ற மாறிக்கு (பெறுமானம் ஒன்றை வைத்திருக்கும் பெயருக்கு) 1.10 பெறுமானம் இடப்படும். மாறிகளை முன்கூட்டி அறிவிக்கும் கட்டாயமும் இல்லாததால் தொகுப்பான் பிழை காட்டாது, விடை மட்டும் பிழைக்கும். மாறிகளை அறிவிக்கச் சொல்லி ஆசிரியர்கள் இன்று ஏன் வற்புறுத்துகிறார்கள் என்பதை இந்த ஒரு வரியை வைத்தே விளக்கலாம்.

வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06