தையல் பிரித்துக் கொடுத்த அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

பெண் குழந்தை. 2 கிலோ 650 கிராம். நான் நன்றாக இருக்கிறேன், அவள் என்னைவிட நன்றாக இருக்கிறாள். ஒவ்வொருவருக்கும் தனியாகப் போன் செய்யத்தான் நினைத்தேன், இவள் விட்டால்தானே! இடது தோளில் அவளைச் சாய்த்துக்கொண்டு ஒரு விரலால் தட்டுகிறேன். எழுத்துப்பிழைகளைக் கண்டுகொள்ளாதீர்கள்.

ஏழாம் மாத ஸ்கேனும் அதற்குப் பிறகு ஆனதும் உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி சொல்லும் தெம்பு இன்னும் வரவில்லை. டாக்டர் இனி பயமில்லை என்று சொல்லிவிட்டார், எனக்குத்தான் ராத்திரியில் விழிப்பு வந்தால் முதலில் அவள் மூச்சைப் பார்க்கத் தோன்றுகிறது. இந்த ஈரம் காய்வதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முறைப்படி டாக்டரம்மாவில் தொடங்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டாலும் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். எனக்கு முதலில் சொல்ல வேண்டியது புதூரில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு.

எடை குறைய இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் முடிந்து 106 கிலோவிலிருந்து நான் இறங்கிக்கொண்டிருந்த நாட்களில் மாதத்துக்கு ஒரு கட்டு ஜாக்கெட்டோடு அக்கா கடைக்குப் போவேன். பிடித்துத் தைக்கக் கொடுத்தால் அடுத்த மாதம் அதுவும் தொளதொளவென்று நிற்கும். எடை 70க்குக் கீழே வந்ததும் கல்யாணப் பட்டு ஜாக்கெட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து, “மிச்சத் துணிய வெட்டிருங்கக்கா, அந்த சைஸ் இனிமே நமக்கு வேணாம்” என்று பெருமையாகச் சொன்னேன். அக்கா தலையை ஆட்டிக்கொண்டார். நானும் வெட்டிவிட்டார் என்றே நினைத்திருந்தேன்.

டாக்டர்கள் சொன்னபடி ஒன்றரை வருஷம் தாண்டி, எடை ஒரே இடத்தில் நின்ற பிறகுதான் இவளுக்கு முயற்சி செய்தோம். ஐந்தாம் மாதம் ஜாக்கெட் எல்லாம் இறுக ஆரம்பித்தது. வயிற்றில் பிள்ளை இருந்தால் உடம்பு வைக்கும், அது யாருக்குத்தான் தெரியாது? ஆனால் நாற்பது கிலோ இறக்கியவளுக்குக் கொக்கி மாட்ட முடியாமல் போகும் காலைப்பொழுது எப்படி இருக்கும் என்பதை அதே வழியில் வந்தவர்கள்தான் அறிவார்கள். டாக்டரம்மா தாளில் எழுதியே காட்டியிருந்தார். என் உயரம் 160 சென்டிமீட்டர், கர்ப்பத்துக்கு முன்னால் எடை 66. அதற்கு ஏற வேண்டியது 7 முதல் 11.5 கிலோ. “106 கிலோ ஆளுக்கான கணக்கு இப்ப உனக்குக் கிடையாது. அந்த ஆளை நீ மறந்துரு” என்றார். ஏறுவதெல்லாம் கொழுப்பு இல்லை என்றும் பிரித்துக் காட்டினார்: குழந்தை 3 கிலோ, நஞ்சுக்கொடி முக்கால், பனிக்குடத் தண்ணீர் முக்கால், கர்ப்பப்பை ஒன்று, கூடும் ரத்தம் ஒன்றரை. அதிலேயே 7 வந்துவிடுகிறது. கணக்கு புரிந்தது. மெஷினில் ஏறி நிற்கிறபோது மட்டும் அந்தக் கணக்கு எங்கேயோ போய்விடும்.

போதாக்குறைக்குப் பார்க்கிறவர்கள். நான் இளைத்தபோது பாராட்டின அதே வாய்கள் இப்போது முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இடுப்பைப் பார்த்தன. “பழையபடி போட்டுறாத” என்று அக்கறையாகச் சொன்னவர்களும் இந்தக் கடிதத்தைப் படிப்பார்கள். உங்கள் மேல் வருத்தமில்லை.

அந்த நேரத்தில் ஒருநாள் ஷட்டர் இறக்கப் போகும் வேளையாகப் பார்த்து அக்கா கடைக்குப் போனேன். ஒரு விசேஷத்துக்கு அந்தப் பட்டு ஜாக்கெட்டைப் போட வேண்டியிருந்தது. எங்கிருந்தாவது துண்டுத்துணி ஒட்டுப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்க வாயெடுக்கும்போதே அக்கா அதை உட்புறம் திருப்பிவிட்டார். அக்குளிலிருந்து இடுப்புவரை மூன்று வரிசைத் தையல். அதற்கும் அந்தப் பக்கம் துணி அப்படியே இருந்தது, ஓரம் பிசிறாமல் மடித்துக் கையால் ஓட்டிய தையலோடு. பிளேடை எடுத்து ஒரு வரிசையை நூல் நூலாகப் பிரித்தார்.

“வெட்டச் சொன்னேனேக்கா.”

“சொன்ன. பட்டுல கத்திரி வைக்க மனசு வரல. புள்ள குட்டி பெத்துக்கிற வயசு வேற. மத்த ஜாக்கெட்டையும் கொண்டா பாப்பா, எல்லாத்துலயும் விட்டுத்தான் தச்சிருக்கேன்.”

அவ்வளவுதான். குண்டு என்றோ ஒல்லி என்றோ ஒரு வார்த்தை கிடையாது. டேப்பைச் சுற்றி அளந்து நோட்டில் எழுதினார். அந்தப் பக்கத்தில் என் மார்பளவுகள் தேதியோடு வரிசையாக இருந்தன. 46, 44, 42, 38. அவற்றுக்குக் கீழே 40 என்று எழுதினார், பால் கணக்கு எழுதுவதுபோல. பழைய எண் எதையும் அவர் அடித்திருக்கவில்லை. அந்த நோட்டை நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அக்காவுக்குத் தெரியாது. அவர் பாபினுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார்.

பிரிப்பதற்குக் காசு வாங்க மாட்டேன் என்றார். அதற்குப் பிறகு ஜாக்கெட் இறுகினால் கடைக்குப் போவேன், பிரித்து வாங்கிக்கொண்டு வருவேன். வீட்டில் எடை மெஷினைப் பரண்மேல் போட்டாயிற்று. என் கணவர்தான் தூக்கிப் போட்டார், அவருக்கும் நன்றி. அதற்கப்புறம் எடை பார்த்ததெல்லாம் ஆஸ்பத்திரியில் மட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது பலருக்குத் தெரியாது. ஏழாம் மாதம் வளைகாப்புக்கு அளவு பார்க்க அக்கா என்னை வரச் சொல்லியிருந்தார். போட்டுப் பார்த்தால் ஜாக்கெட் இறுகவே இல்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். சொந்தக்காரர்களும் அந்த மாதம் முழுக்க “ஏழு மாசம்னே தெரியல, வயிறே இல்லையே” என்று மெச்சிக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் மெச்சவில்லை. இரண்டு விரலை ஜாக்கெட்டுக்குள் விட்டுப் பார்த்தார், வயிற்றின் மேல் டேப்பை வைத்துப் பார்த்தார். “போன மாசம் பிரிச்ச தையல் இந்நேரம் இறுகியிருக்கணுமே பாப்பா. மாசமான பொண்ணுகளுக்கு எத்தனை வருஷமா தைக்கிறேன். சோறு எறங்குதா? நாளைக்கே டாக்டரைப் போய்ப் பாரு, நாள் வர்ற வரைக்கும் இருக்காத” என்றார்.

அடுத்த செக்கப்புக்கு நாள் இருந்தது. மறுநாளே போனேன். டாக்டரம்மாவும் வயிற்றை அளக்க ஒரு டேப்பைத்தான் எடுத்தார், அக்கா கழுத்தில் தொங்குமே அதே மஞ்சள் டேப். இருபத்து நாலு வாரத்துக்கு மேல் எத்தனை வாரமோ ஏறக்குறைய அத்தனை சென்டிமீட்டர் இருக்க வேண்டுமாம். என் வயிறு பின்தங்கியிருந்தது. உடனே ஸ்கேனுக்கு எழுதினார். நீங்கள் எல்லோரும் அறிந்த அந்த ஸ்கேன் அதுதான். என்னைப் போல இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குக் குழந்தை சிறியதாகப் போவதற்கு வாய்ப்பு கூடுதல், அதனால்தான் அவர்களுக்கு வளர்ச்சி ஸ்கேன் அடிக்கடி பார்ப்பார்கள். எனக்கும் தேதி குறித்துத்தான் இருந்தது. அந்தத் தேதிவரை காத்திருந்தால் என்று யோசிக்கத் தொடங்கி, பாதியிலேயே நிறுத்திவிடுகிறேன்.

அக்கா, நீங்கள் இதைப் படிக்க மாட்டீர்கள், உங்கள் மகன் படித்துக் காட்டுவான். தையல் மெஷினை விட்டு எழுந்திருக்காமலே கேளுங்கள். என் உடம்பைப் பார்த்துப் பாராட்டவும் செய்யாத, முகம் சுளிக்கவும் செய்யாத ஒரே இடமாக அந்த மாதங்களில் உங்கள் கடைதான் இருந்தது.

மற்றவர்களை இப்படி ஒரே மூட்டையாகக் கட்டுவது நியாயமில்லை. ஆனால் இவள் நெளிய ஆரம்பித்துவிட்டாள்.

டாக்டரம்மாவுக்கு நன்றி, முக்கியமாக அந்தச் சர்க்கரைத் தண்ணீர் விஷயத்துக்கு. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து சுகர் பார்ப்பார்கள். சுருக்கிய வயிற்றில் அது ஒரேயடியாக இறங்கினால் படபடத்து வேர்த்துக் கொட்டிவிடும் என்று, எனக்கு மட்டும் ஒரு வாரம் வீட்டிலேயே விரல் குத்திப் பார்க்கச் சொன்னார். ஆஸ்பத்திரி டயட்டீஷியன் தங்கச்சிக்கு நன்றி. ஒரு வேளைக்கு ஒன்றரை இட்லிக்கு மேல் இறங்காத வயிற்றை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு 60 கிராம் புரதத்துக்குக் குறையாமல் எப்படிச் சேர்ப்பது என்று, முட்டை, மீன், சுண்டல், தயிர், பனீர் என ஆறு வேளைக்குப் பிரித்துக் கொடுத்தது அவர்தான். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதே, அரை மணி நேரம் விடு என்று அவர் அதட்டியது இப்போதும் காதில் கேட்கிறது. பி12 ஊசியைத் தவறாமல் நினைவுபடுத்திய நர்ஸம்மாவுக்கும், சத்துமாவைக் கொழுக்கட்டையாகப் பிடித்துச் சூட்டோடு கொடுத்தனுப்பிய அங்கன்வாடி ஆயாம்மாவுக்கும், அரசு கொடுத்த ஊட்டச்சத்துப் பெட்டகத்தை வாங்க எனக்குப் பதிலாகப் போய் நின்ற கீழ்வீட்டு அண்ணனுக்கும் நன்றி. பெட்டகத்தில் இருந்த நெய்யை மாடத்து மூலையில் ஒளித்து வைத்திருந்தேன், அத்தை கண்டுபிடித்துப் பருப்பு சாதத்தில் ஊற்றினார்.

அத்தைக்குத் தனி வரி வேண்டும். இரட்டை உயிர், இரண்டு பேருக்குச் சாப்பிடணும் என்று ஆரம்பத்தில் தட்டை நிறைத்தவர் அவர்தான். கூடுதலாக வேண்டியது ஒரு நாளைக்கு 350 கலோரி, அதுவும் நாலாம் மாதத்துக்கு மேல்தான், ஒரு டம்ளர் பாலும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் ஒரு வாழைப்பழமும் போதும் என்று டயட்டீஷியன் சொன்னதும் ஒரு வார்த்தை மறுக்காமல் கேட்டுக்கொண்டார். இரும்பு மாத்திரையைப் பாலோடு தரக் கூடாது என்று சொன்ன அன்றைக்கே மோருக்கும் காப்பிக்கும் மாத்திரைக்கும் நேரம் பிரித்து அடுக்களைச் சுவரில் சாக்பீஸால் எழுதினார். எழுபது வயதில் கேட்டுக்கொள்ளும் மனசு எல்லோருக்கும் வருமா?

ரேஸ்கோர்ஸ் நடைக்கூட்டத்துக்கு ஒன்று. வேகம் குறைத்து என்னோடு நடந்தீர்கள். அன்றைய நடை போதும் என்று திருப்பி அனுப்பத் தெரிந்த தோழிகள் கிடைப்பது லேசில்லை. வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த உசிலம்பட்டிப் பெண்ணுக்கு, உன் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன், உன் பையன் எப்படி இருக்கிறான்?

வளைகாப்பு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, வீட்டு மனிதர்களோடு மட்டும் நடந்தது. வளையல்கார அம்மா ரெண்டு ஆறு சைஸ் போட்டுவிட்டு, “கை கொஞ்சம் பூசியிருக்கு, நல்லாருக்கு” என்றார். அழுதுவிட்டேன். எல்லோரும் வளைகாப்புக்கு அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கடைசியில் 9 கிலோ ஏறியிருந்தது. இப்போது வீட்டுக்கு வருகிறவர்கள் இவளைப் பார்த்துவிட்டு அடுத்த கேள்வியாக “எப்ப இளைக்கப் போற?” என்கிறார்கள். பால் கொடுப்பவளுக்கு முதல் ஆறு மாதம் ஒரு நாளைக்கு 600 கலோரி கூடவே வேண்டும், அது கர்ப்பத்தைவிட அதிகம். ஆகவே ஆறு மாதத்துக்கு அந்தக் கேள்வி வேண்டாம், அதற்கப்புறமும் கேட்காமலிருந்தால் கும்பிடு போடுகிறேன். நானும் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் இளைத்துவிட்டாய், பெருத்துவிட்டாய், வயிறே தெரியவில்லை என்று பேச்சை ஆரம்பிக்க மாட்டேன். சாப்பிட்டியா என்று கேட்பேன், எங்கள் ஊரில் அதுவே போதும்.

பெயர் வைக்கும் நாளைச் சீக்கிரம் சொல்கிறேன். எல்லோரும் வாருங்கள். மட்டன் குழம்பு உண்டு, அத்தை இப்போதே ஆட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார்.

அக்கா, அன்றைக்குப் போட முன்பக்கம் கொக்கி வைத்து ஒரு ஜாக்கெட் வேண்டும், பால் கொடுக்க வசதியாக. துணி இவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உள்ளே நிறைய விட்டுத் தைங்க. இந்தத் தடவையும் கூலி வாங்கலேன்னா வேற கடை பார்த்துக்குவேன், சொல்லிட்டேன்.