மட்டக்களப்பு மெதடிஸ்த சபையின் பழைய சேமக்காலையை ஆவணப்படுத்திப் பாதுகாக்கக் கோரும் மனு

பெறுநர்:
அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
மட்டக்களப்பு.

பெருமதிப்புக்குரிய ஐயா,

எங்கள் சபையின் பழைய சேமக்காலையில் உள்ள கல்லறை எழுத்துகள் வாசிக்க முடியாமல் போவதற்குள் அவற்றைப் பதிவுசெய்ய உதவுமாறு சபை மக்களும் ஊரின் வரலாற்றில் அக்கறையுள்ள ஏனையோரும் சேர்ந்து இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம்.

இலங்கைக்கு முதலில் வந்த மெதடிஸ்த போதகர்களின் கதை சாவுகளோடுதான் தொடங்குகிறது. அவர்களை அழைத்து வந்த தாமஸ் கோக் 1814 மே 3 அன்று நடுச்சமுத்திரத்தில் கப்பலிலேயே இறந்தார். வண. வில்லியம் ஓல்ட் அவர்களின் மனைவியும் அந்தப் பயணத்திலேயே காலமானார். யூன் 29 அன்று காலியில் கரையேறியவர்கள் தங்களுக்குள் ஊர்களைப் பிரித்துக்கொண்டபோது, மனைவியை இழந்த ஓல்டுக்கு மட்டக்களப்பு கிடைத்தது. இங்கே அவர் தனி ஆளாக வந்து, தமிழ் படித்து, பள்ளிக்கூடங்கள் தொடங்கினார். 1815 ஏப்ரல் 1 அன்று இறந்தும் போனார். ஓராண்டுகூட நிறையாத அந்த உழைப்பில் முளைத்ததுதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. கொழும்பு புறக்கோட்டை மெதடிஸ்த ஆலயம் 1816 டிசம்பரில்தான் திறக்கப்பட்டது. ஆசியாவிலேயே பழையது என்று சொல்லப்படும் அந்த ஆலயத்தின் கதவு திறப்பதற்கு முன்பே மட்டக்களப்பு ஒரு போதகரைப் பறிகொடுத்துவிட்டது.

ஓல்ட் அடிகளாருக்குப் புளியந்தீவில் சிலை இருக்கிறது. சரி, அது நல்லதே. ஆனால் அவருக்குப் பின் இந்தச் சபையைத் தாங்கியவர்கள் பெரும்பாலும் இந்த மண்ணின் பிள்ளைகள்: உபதேசியார்கள், திண்ணையில் பாடம் சொன்ன வாத்தியார்கள், பெண் பிள்ளைகளைப் படிக்க அழைத்து வந்த வேதாகமப் பெண்கள். இவர்களுக்குச் சிலை இல்லை. கல்லறை எழுத்து ஒன்றுதான் இருக்கிறது, பலருக்கு அதுவும் இல்லை. 1913இல் ஜே. பென்ரி லூயிஸ் என்ற அரசாங்க அதிகாரி இலங்கை முழுவதுமுள்ள கல்லறை வாசகங்களைத் தொகுத்து வெளியிட்டார். மிகப் பெரிய பணிதான், ஆனால் அதில் பெரும்பாலும் ஐரோப்பியர்களே இடம்பெற்றார்கள். தமிழ்க் கல்லறைகளை அப்படி யார் எழுதி வைத்தார்கள்? இந்தக் கேள்விதான் எங்களை இம்மனு எழுத வைத்தது.

உப்புக்காற்று பழைய சுண்ணாம்புச் சாந்தை உதிர்க்கிறது. ஆலமர வேர் கல்லைப் பிளக்கிறது. 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட ஊர் இது, இன்னொன்று வராது என்று யாரும் சொல்ல முடியாது. இவற்றைவிட எங்களுக்குக் கவலை தருவது நல்ல மனதோடு செய்யப்படும் திருத்தம். பழைய கட்டுமானத்தின் மேல் சீமெந்து பூசினால் ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கிக் கல்லைத் தின்றுவிடும். எழுத்தின் மேல் வெள்ளையடித்தால் அப்புறம் யார் பெயர் என்றே தெரியாது.

ஆகவே ஐயா, தொல்லியல் திணைக்களத்தின் ஒத்துழைப்புடன் ஒவ்வொரு கல்லையும் படம்பிடித்து, தமிழ் வாசகங்களையும் ஆங்கில வாசகங்களையும் ஒரே கவனத்தோடு பிரதி எடுத்து, சபையின் அடக்கப் பதிவேடுகளோடும் லூயிஸின் தொகுப்போடும் ஒப்பிட ஏற்பாடு செய்யுமாறு வேண்டுகிறோம். பதிவேடுகளைத் தந்துதவுமாறு சபையாரிடம் பேசும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம். நில அளவைத் திணைக்களம் எல்லையை அளந்து தர வேண்டும். திருத்த வேலைகள் சுண்ணாம்புச் சாந்தில், அனுபவமுள்ள கொத்தனார்களைக் கொண்டே நடக்க வேண்டும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் இவ்விடத்தைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிப்பது பற்றி ஆராயப்பட்டால், அதை வரவேற்போம். ஆனால் காணி சபையின் உரிமையிலேயே இருக்க வேண்டும். கல்லறைத் திருநாளில் குடும்பங்கள் வந்து மெழுகுதிரி ஏற்றுவதற்கோ, செபிப்பதற்கோ தடை வரக்கூடாது. இதை எழுத்தில் உறுதிப்படுத்திய பிறகே மேற்கொண்டு நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

பிரதேச செயலாளர், தொல்லியல் அதிகாரிகள், சபைப் பிரதிநிதிகள் ஆகியோருடன் தாங்களும் ஒருமுறை நேரில் வந்து பார்வையிட வேண்டும். மாரி மழை தொடங்குவதற்கு முன் ஒரு நாளைக் குறித்துத் தந்தால், புதர்களை வெட்டி வழி சீராக்கி வைப்போம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்,
மட்டக்களப்பு.