சுண்ணாம்புச் சுவரில் எழுதிய வரலாறு: சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்தியச் சுவரோவியங்களை ஆர்வத்தோடு தேடிப் பார்த்தும் படித்தும் வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். சீக்கிய சமயத்தின் உள்விவகாரங்களில் கருத்துச் சொல்லும் தகுதியோ விருப்பமோ எனக்கு இல்லை. ஆனால் பஞ்சாபின் பழைய குருத்வாராக்களிலும் சமாதிகளிலும் நக்காஷ்கள் என்னும் ஓவியக் கலைஞர்கள் தீட்டிவைத்த சுவரோவியங்கள் புதுப்பிப்புப் பணிகளில் ஒவ்வொன்றாக மறைந்துவருகின்றன. அவற்றுள் எஞ்சியிருப்பவற்றையாவது காப்பாற்றித் தாருங்கள் என்று, குருத்வாராக்களை நிர்வகிக்கும் அமைப்பான உங்களிடம் கேட்கவே இந்த மடல்.

உருவ வழிபாட்டை ஏற்காத சமயத்துக்கு ஓவியம் எதற்கு என்று கேட்போர் உண்டு. உங்கள் அன்றாட வழிபாடே அதற்கு விடை சொல்கிறது. உறுப்பு உறுப்பாக வெட்டப்பட்டவர்கள், மண்டைத் தோல் உரிக்கப்பட்டவர்கள், சக்கரத்தில் கட்டிச் சிதைக்கப்பட்டவர்கள், ரம்பத்தால் அறுக்கப்பட்டவர்கள் என்று தியாகிகளை ஒவ்வொருவராக அர்தாஸ் என்னும் பிரார்த்தனையில் நினைவுகூர்கிறீர்கள். அர்தாஸ் சொல்லால் செய்வதை ஓவியர் கிர்பால் சிங் தூரிகையால் செய்தார். 1958இல் அமிர்தசரஸின் தர்பார் சாகிப் (பொற்கோயில்) வளாகத்தில் தொடங்கப்பட்ட மத்திய சீக்கிய அருங்காட்சியகத்தில் அவருடைய பெரிய எண்ணெய் வண்ண ஓவியங்களின் முன் நிற்கும் குடும்பங்களைப் பார்த்தால் இது புரியும். தியாகிகளான பாய் மதி தாஸ் யார், பாய் தாரு சிங் யார் என்று பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் அங்கே நின்றுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த அருங்காட்சியகத்தை உருவாக்கி, ஓவியர்களை ஆதரித்து, இத்தனை காலம் நடத்திவரும் உங்கள் அமைப்பை மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆயினும் அருங்காட்சியக ஓவியங்களில் மேலோங்கி நிற்பது போரும் தியாகமும்தான். சீக்கிய ஓவிய மரபோ அதைவிடப் பழையது, அகலமானது. 1733இல் எழுதப்பட்டு இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும், குரு நானக்கின் வாழ்க்கைக் கதைகளைச் சொல்லும் 'பி-40' ஜனம்சாகிச் சுவடியில் ஆலம் சந்த் ராஜ் என்ற ஓவியர் வரைந்த 57 படங்கள் உள்ளன. அவற்றில் குரு நானக் தன் தோழர் மர்தானாவின் ரபாப் என்னும் நரம்பிசைக் கருவியின் இசையோடு ஊர் ஊராகச் செல்கிறார், துறவிகளிடமும் இல்லறத்தாரிடமும் உரையாடுகிறார். இந்த அமைதியான உலகம் சுவடியிலிருந்து சுவருக்கு வந்ததற்குச் சிறந்த சான்று அமிர்தசரஸின் பாபா அடல் கோபுரம். ஒன்பது வயதில் மறைந்த, குரு ஹர்கோவிந்தரின் மகனுக்காக ஒன்பது அடுக்குகளாக எழுப்பப்பட்ட அந்தக் கோபுரத்தின் உட்சுவர்களில் குரு நானக்கின் வாழ்க்கை காட்சி காட்சியாக விரிகிறது. எழுத்தறியாத ஒரு விவசாயிகூட அந்தச் சுவர்களைச் சுற்றி நடந்தே தன் குருவின் வரலாற்றைத் தெரிந்துகொண்டிருக்க முடியும்.

இந்த ஓவியங்கள் பெரும்பாலும் மொஹ்ராகஷி என்ற முறையில் அமைந்தவை. சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே தண்ணீரில் குழைத்த வண்ணத்தை அதன்மேல் தீட்டி, தேய்த்து மெருகேற்றுவார்கள். சிவப்புக்கு ஹிர்மிச்சி என்னும் செம்மண், நீலத்துக்கு லாஜ்வர்த் என்னும் நீலநிறக் கல், கறுப்புக்குக் கரி என்று நிறங்களெல்லாம் மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் கரியிலிருந்தும் வந்தவை. காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்துச் சுண்ணாம்பு இறுகும்போது வண்ணமும் அதோடு சேர்ந்து இறுகிவிடுகிறது. ஆகவே ஓவியம் சுவரின் மேல் ஒட்டியிருக்கும் தாள் அன்று. சுவரின் தோலே அதுதான். பூச்சைக் கொத்தி எடுத்தால் ஓவியமும் போய்விடும். சிமெண்ட் பூசினாலும் ஆபத்துதான்: பழைய சுவருக்குள் சிக்கிய ஈரம் வெளியேற வழியின்றி, எஞ்சிய வண்ணப் பகுதியின் வழியே உப்பாகப் பூத்து அதை உதிர்த்துவிடும். மங்கிய இடங்களில் இன்றைய செயற்கை வண்ணத்தைப் பூசி 'புதுப்பிப்பது' இன்னொரு வகை அழிவு. கீழே இருக்கும் பழைய கோடுகளை அதன்பிறகு யாராலும் காண முடியாது.

கர்சேவை என்னும் தன்னார்வத் திருப்பணியின் பின்னால் இருக்கும் பக்தியை நான் அறிவேன். தம் உழைப்பையும் பொருளையும் தந்து குருவின் இல்லத்துக்குப் பளிங்கு பதிக்க விரும்பும் மனம் வணங்கத்தக்கது. ஆனால் அந்த ஆர்வத்துக்கு நெறிமுறை இல்லாதபோது என்ன நேரும் என்பதை 2019 மார்ச் மாத இறுதியில் பஞ்சாபின் தரன் தாரன் குருத்வாராவில் எல்லோரும் பார்த்தோம். அங்குள்ள பழமையான தரிசனி டியோடி நுழைவாயிலின் மேற்பகுதியைக் கர்சேவைக் குழுவினர் இரவோடு இரவாக இடித்தார்கள். சீக்கிய மக்களே கொதித்தெழுந்து எதிர்த்ததால் இடிப்பு நின்றது. அங்கே கூட்டம் கூடியதால் செய்தி வெளியே வந்தது. சிற்றூர் குருத்வாராவில் பளிங்குப் பலகைக்குப் பின்னால் மறைந்துபோன ஓர் ஓவியத்துக்காக யார் கூடியிருப்பார்கள்?

எனவே கமிட்டி முதலில் செய்ய வேண்டியது ஒரு கணக்கெடுப்பு. உங்கள் நிர்வாகத்தில் உள்ள ஒவ்வொரு பழைய கட்டடத்திலும் சுவரோவியம் உண்டா, எந்தச் சுவரில், எந்த நிலையில் என்பதைத் தரமான புகைப்படங்களோடு பதிவுசெய்து பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள். படிக்கட்டு மூலைகளையும் விட்டுவிட வேண்டாம். பூவும் கொடியும் நிறைந்த தர்பார் சாகிப் சுவர்களிலேயே, குரு கோவிந்த் சிங் குதிரை மீது செல்லும் அரிய ஓவியம் மாடிக்கு ஏறும் குறுகலான படிக்கட்டுப் பக்கம்தான் இருப்பதாக ஆய்வாளர்கள் குறித்திருக்கிறார்கள். அந்தப் பட்டியல் முடியும்வரை, ஓவியம் உள்ள எந்தச் சுவரிலும் சுண்ணாம்புப் பூச்சும் பழைய வண்ணமும் அறிந்த பாதுகாப்பு வல்லுநரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் கர்சேவைக்கு அனுமதி தராதீர்கள். உங்கள் தீர்மானம் ஒன்றே இதற்குப் போதும்.

அடுத்தது கைத்தொழில். பாய் கியான் சிங் நக்காஷ் (1883–1953) ஆசானிடம் நீண்ட காலம் இருந்து தொழில் கற்று, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தர்பார் சாகிப் சுவர்களில் வேலை செய்தவர். கொடியோடு விலங்கும் பறவையும் பின்னிப் பிணையும் 'கிரஃபா', கற்பனை மலர்களும் உயிரினங்களும் கூடிய 'தஹின்' போன்ற வடிவங்கள் அத்தகைய கைகளின் வழியாகத்தான் தலைமுறை தாண்டி வந்தன. எத்தனையோ பள்ளிகளையும் கல்லூரிகளையும் நடத்தும் நீங்கள் அவற்றுள் ஒன்றில் மொஹ்ராகஷியை முறையான பாடமாக்கி, உதவித்தொகையுடன் மாணவர்களைச் சேர்க்கலாம். தேர்ந்தவர்களுக்கு முதல் பணியாகப் பாபா அடல் கோபுரத்தையே, வல்லுநர்களின் மேற்பார்வையில், ஒப்படைக்கலாம். கர்சேவைக்கு வரும் அன்பர்களிலும் சுண்ணாம்பு அரைக்கவும் வண்ணக்கல் இழைக்கவும் முன்வருவோர் நிச்சயம் இருப்பார்கள். பளிங்குக்குத் தரும் அதே காணிக்கையை இதற்கும் தருவார்கள்.

அடுத்த பொதுக்குழுவிலேயே இதை விவாதத்துக்கு எடுத்து, கணக்கெடுப்பு எப்போது தொடங்கும் என்பதை அறிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மிக்க மரியாதையுடன்,
சுவரோவியங்களின் மேல் பற்றுக்கொண்ட ஒரு தமிழர்