ஒரு டாலர் வாடகைத் தோட்டம்

அன்பிற்குரிய நண்பருக்கு,

வணக்கம். மூட்டுவலி தணிந்து, மாடித்தோட்டத்தில் மறுபடியும் அவரையும் புடலையும் போட்டிருக்கிறீர்கள் என்று படித்ததில் நிம்மதி. உங்கள் குடியிருப்பில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடப்பதாகவும், அதைச் சீர்செய்யச் சிலர் முன்வந்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அண்மையில் எங்கள் நியூ ஜெர்சி தோட்டக்குழுவினருடன் சென்று பார்த்த ஓர் இடம் அதற்கு உதவக்கூடும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியில் போவரி, ஹவ்ஸ்டன் என்ற இரு தெருக்களும் சந்திக்கும் முனையில் இருக்கிறது லிஸ் கிறிஸ்டி தோட்டம். நகரம் பணமுடையில் தவித்த எழுபதுகளில், இடிந்த கட்டடங்களும் கேட்பாரற்ற மனைகளும் அப்பகுதியில் ஏராளம். லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியரும் ‘கிரீன் கெரில்லாஸ்’ என்று பெயர் சூட்டிக்கொண்ட அவருடைய நண்பர்களும், உள்ளே நுழைய முடியாத மனைகளில் விதையும் உரமும் அடைத்த உருண்டைகளை வேலிக்கு மேலாக வீசுவார்களாம். 1973-இல் இந்த மனைக்கு வந்தபோதோ, இடிபாடுகளை வாரி அகற்றி, மண் கொட்டி, வேலி அமைத்து, 60 மேட்டுப்பாத்திகளில் காய்கறி பயிரிட்டார்கள். அடுத்த ஆண்டே மாதம் ஒரு டாலர் வாடகைக்கு நகர நிர்வாகம் அந்த இடத்தை அவர்களுக்கு விட்டது. தொகை அற்பம்தான்; ஆயினும் கேளாமல் நுழைந்தவர்கள் அதன்பின் உரிமையோடு நிற்க முடிந்தது. லிஸ் 1985-இல் காலமானார். மறு ஆண்டு தோட்டத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது.

இன்று அங்கே மரங்கள் ஓங்கிவிட்டன. புதைபடிவமாக மட்டுமே அறியப்பட்டு, 1940-களில் சீனாவில் உயிரோடு கண்டறியப்பட்ட டான் ரெட்வுட் மரம் ஒன்று நிற்கிறது. ஊசியிலை மரம் என்றாலும் குளிர்காலத்தில் இலையை முழுக்க உதிர்த்துவிடும். நாங்கள் போனபோது புதுத்தளிர் விட்டிருந்தது, தொட்டால் தொட்டாற்சிணுங்கி இலை போல மெத்தென்று இருந்தது. சிறு குளத்தின் கல்லில் ஆமைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெயில் காய்ந்தன. எங்கள் குழுவினர் பாதிப்பேர் ஆமைகளைப் படமெடுப்பதிலேயே பொழுதைக் கழித்தார்கள் என்பதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை.

எனக்கோ வாயிற்கதவின் அருகில் நின்றிருந்த தன்னார்வலரோடு பேசியதே பயனுள்ளதாக இருந்தது. சம்பளம் வாங்குபவர் யாருமில்லை. ஒவ்வொருவரும் ஒரு பாத்தியைக் கவனித்துக்கொள்வதோடு, கதவைத் திறந்து வைப்பது, மட்குரத் தொட்டியைக் கிளறுவது, பாதையைக் கூட்டுவது போன்ற பொது வேலைகளிலும் முறை வைத்துப் பங்கேற்கிறார்கள். நடுவதற்கு ஆள் எப்போதும் கிடைக்கும், மழை நாளில் கதவைத் திறக்கத்தான் கிடைக்காது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். இத்தகைய சமூகத் தோட்டங்களுக்கான நகரத்தின் ‘கிரீன்தம்ப்’ திட்டம் 1978-இல் தொடங்கியது. அதன்கீழ் வரும் தோட்டங்கள் பொதுமக்களுக்காகக் குறிப்பிட்ட நேரம் திறந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பூட்டியே கிடக்கும் தோட்டம் நாலு பேரின் சொந்தத் தோட்டமாகிவிடும் என்பதால், இந்த நிபந்தனை எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது.

இத்தனை இருந்தும் நிலம் பறிபோகும் அபாயம் இந்நகரத் தோட்டங்களுக்கு இருந்தே வந்திருக்கிறது. மேயர் ஜூலியானி 1999-இல் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை ஏலம் விட முனைந்தார். கடைசி நேரத்தில் இரு அமைப்புகள் விலைகொடுத்து வாங்கியதால்தான் அவை தப்பின. பல ஆண்டுகள் மண்ணைப் பண்படுத்தியவர்களிடம் அந்த நிலத்துக்கான உரிமைப் பத்திரம் இல்லை.

ஆகவே சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்க இயந்திரம் அமர்த்துவதற்கு முன், அந்த இடம் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறதா, அல்லது மனை போட்டவர் பெயரிலேயே இருக்கிறதா என்று விசாரியுங்கள். பராமரிக்க எழுத்துபூர்வமான அனுமதியும், தண்ணீருக்கு ஓர் ஏற்பாடும் கிடைத்துவிட்டால், வாரம் ஒருநாள் வரக்கூடியவர்களின் பட்டியலை முதலில் எழுதிப் பாருங்கள். விசாரித்ததில் தெரிய வந்ததை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
உங்கள் நண்பன்